ஒத்துக்கொள்ளவில்லை!

விழுப்புரத்தில் ஊறுகாய் ஜெயித்த கதையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உறவினர் ஒருவரின் நினைவு நாளுக்காக, 80 ரூபாய் வீதம் 25 சாப்பாடுகளைப் பொட்டலமாக ஒருவர் வாங்கிப் போனார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் இருந்தது. ஊறுகாயை மட்டும் காணோம். ஹோட்டலுக்குத் திரும்பி வந்து, பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் வீதம் ஊறுகாயின் விலையைக் கேட்டார். ஹோட்டல்காரர் கொடுக்க மாட்டேன் என்றார். அவர் ஜில்லா நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விட்டார். 2024-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தீர்ப்பு வந்தது. மன உளைச்சலுக்கு 30,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாய், ஊறுகாய்க்கு 25 ரூபாய்.

இச்செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் அநேகர். நமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு அடங்கிய பின் ஒரு கேள்வி எழுந்தது. இல்லாத ஊறுகாய்க்கு 35,025 ரூபாய் என்றால், இலையில் இருந்த சோற்றைத் தின்று ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும்? அவனுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே கிடைப்பதில்லை. சட்டம் இல்லாததால் அல்ல. ஊறுகாய் இல்லை என்பதை வீட்டிலுள்ள அத்தனை பேரும் கண்ணால் பார்க்கலாம். விஷத்தையோ கண்ணால் பார்க்க முடியாது. முக்கியமான சாக்ஷியை வாதியே விழுங்கிவிடுகிறான். மிச்சமிருப்பதை ஹோட்டல்காரர் விடிவதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது நம் பாஷையில் இருக்கிறது. வெளியூரில் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போனால் நாம் என்ன சொல்கிறோம்? "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறோம். பத்திரிகைகளும், ஐம்பது பேர் ஒரே ஹோட்டலில் தின்று ஐம்பது பேரும் வாந்தியெடுத்தால்கூட, "உணவு ஒவ்வாமை" என்றே தலைப்பிடுகின்றன. ஒவ்வாமை என்பது தின்றவனுடைய உடம்பின் குணம். ஒருவனுக்குக் கத்தரிக்காய் ஒவ்வாது, இன்னொருவனுக்கு இறால் ஒவ்வாது. அதற்குக் கத்தரிக்காயோ இறாலோ ஜவாப்தாரி அல்ல. கெட்டுப்போன ஆகாரம் அப்படியல்ல. அது யார் வயிற்றுக்கும் ஒவ்வாது. "ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்ன மாத்திரத்தில் குற்றத்தைச் சோற்றின் மேலிருந்து எடுத்து நம் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு விடுகிறோம். பிரதிவாதியின் வக்கீல் செய்ய வேண்டிய வேலையை வாதியே இனாமாகச் செய்துவிடுகிறான்!

இவ்விஷயத்தை நாம் இவ்வளவு யோசிக்கும்படி நேர்ந்தது ஒரு கல்யாணத்தினால். வன்னியம்பட்டி என்ற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவே, திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் பெருஞ்சாலையில் இருக்கிறது. மேற்கே நிமிர்ந்தால் மலைத்தொடர் தெரியும். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு ஸ்நானத்துக்குப் போகிறவர்கள், ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடம் பிடிக்க வருகிறவர்கள், கார்த்திகை, மார்கழியில் இருமுடி சுமந்து சபரிமலைக்குப் போகிறவர்கள் ஆகிய எல்லோருக்கும் இதுவே பாதை. பாதை என்றால் பசி; பசி என்றால் ஹோட்டல். பரோட்டாக் கல்லின் தாளம் நடுநிசி வரையில் ஓய்வதில்லை.

இத்தகைய சாலை ஓரத்து ஹோட்டல்களுக்கும் ஊருக்குள் இருக்கும் ஹோட்டல்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஊர் ஹோட்டலில் சாம்பார் ஊசிப்போனால் மறுநாள் காலையில் கடைவீதி முழுவதும் தெரிந்துவிடும். ஹோட்டல்காரர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சாலை ஓரத்திலோ சாப்பிட்டவன் மறுபடியும் வருவதில்லை. சாப்பிடுவது விருதுநகர் ஜில்லாவில். வயிறு கலங்குவது செங்கோட்டை தாண்டிக் கேரளத்தில். ஹோட்டல்காரர் மனமாரத் தப்புச் செய்ய நினைக்காதவராகவே இருக்கலாம். ஆனால் தம் அடுப்படியில் என்ன பிசகு என்பது அவர் காதுக்கு எட்டுவதே இல்லை. அடுத்த வேளையும் அதே பாத்திரம், அதே கை, அதே பழைய சோறு. ஊர்ப்பேச்சு செய்ய வேண்டிய காரியத்தைச் சட்டம் செய்தாக வேண்டிய இடம் இது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, சென்னையிலிருந்து நம் ஒன்றுவிட்ட தங்கையும் மாப்பிள்ளையும் எட்டு வயதுப் பெண் குழந்தையும் வந்தார்கள். வீட்டில் இடம் போதாமல், பக்கத்து ஊரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துக் கொடுத்திருந்தோம். லாட்ஜைச் சேர்ந்த ஹோட்டல் கீழேயே இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை இட்லி சாப்பிட்டார். தங்கையும் குழந்தையும் முட்டை பிரைடு ரைஸ் வரவழைத்துக்கொண்டார்கள். அதில் பாதிக்கு மேல் மீதம். அதை மூடி அறையிலேயே வைத்துவிட்டார்கள். இரவு ஒரு மணிக்குக் குழந்தை வாந்தியெடுத்தது. அரைமணிக்குள் தாயாருக்கும் அதே கதி. தகவல் வந்து நாம் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் கண்கள் குழிக்குள் போயிருந்தன; கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் திராணி இல்லை. மேளச் சத்தத்தோடு விடிய வேண்டிய பொழுது, ஆஸ்பத்திரியில் ஸலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு விடிந்தது. குழந்தை மூன்று நாள் அங்கே கிடந்தது. இரண்டாம் நாள்தான் தண்ணீர் கேட்டது.

லாட்ஜ் மானேஜர் மறுநாளே வந்து பார்த்தார். மரியாதைக்காரர், ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். "நேற்று ராத்திரி முந்நூறு பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், அண்ணாச்சி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பட்டணத்துப் பிள்ளை பாருங்கள், நம் ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். உறவுக்காரப் பெண்மணிகள் அதற்கு மேல் ஒரு படி போனார்கள். குழந்தை பட்டுப் பாவாடையில் அழகாக இருந்ததாம், கண் பட்டுவிட்டதாம். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். மிளகாய் நெடி வந்ததா என்பதில் இரண்டு கட்சி. பிரைடு ரைஸைப் பற்றி ஒரு கட்சியும் இல்லை.

மாப்பிள்ளை மட்டும் சும்மா இருக்கவில்லை. விருதுநகர் ஜில்லாவின் தலைமைக் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆகையால் அங்கே வக்கீல்களுக்குப் பஞ்சம் இல்லை. நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் சட்டப் புஸ்தகத்தைத் திறக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துக் கட்டம் போட்டார். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? முதல் வாந்தி எத்தனை மணிக்கு? யார் யார் எதை எதைச் சாப்பிட்டார்கள்? அதற்கு முந்திய வேளைகளில் என்ன ஆகாரம்? கடைசியாக, சாப்பிட்டும் சௌக்கியமாக இருந்தவர் யார்?

"சௌக்கியமாக இருந்தவனைப் பற்றி எதற்கு ஐயா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"உங்களுடைய முதல் சாக்ஷி அவன்தான், தம்பி" என்றார் வக்கீல். "மத்தியானம் ரயிலில் மூன்று பேரும் வீட்டுத் தயிர்ச்சோறு சாப்பிட்டிருக்கிறீர்கள். தயிர்ச்சோறு குற்றவாளி என்றால் நீங்களும் படுத்திருக்க வேண்டும். ராத்திரி நீங்கள் இட்லி. அவர்கள் இருவரும் பிரைடு ரைஸ். படுத்ததும் அவர்கள் இருவரே. மானேஜர் முந்நூறு பேர் சாப்பிட்டார்கள் என்கிறாரே, முந்நூறு பேருமா பிரைடு ரைஸ் சாப்பிட்டார்கள்?"

அப்பொழுதுதான் மாப்பிள்ளைக்கு இன்னொரு விஷயம் ஞாபகம் வந்தது. அன்றிரவு அடுத்த அறையிலும் குழாயடியில் யாரோ குமட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. குற்றாலம் போகும் கல்லூரி மாணவர்கள் இருவர். விடியற்காலைப் பஸ்ஸில் போய்விட்டார்கள். அறையில் மூடி வைத்த மீதியைத் தேடினால், காலையில் அறையைப் பெருக்க வந்த பையன் அதைக் குப்பையில் கொட்டியிருந்தான். பாவம், அவன் கடமையை அவன் செய்தான்.

நேரக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நேயர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். வயிறு கெட்டவுடன் ஜனங்கள் கடைசியாகச் சாப்பிட்ட வேளையைத்தான் பழிக்கிறார்கள். இது பல சமயங்களில் தவறு. சில கிருமிகள் ஆகாரத்திலேயே விஷத்தைத் தயாரித்து வைத்துவிடுகின்றன. தின்ற ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகி வேலை செய்ய வேண்டுமானால் தாமதமாகும். ஸால்மொனெல்லா என்ற கிருமிக்கு ஆறு மணி நேரமும் ஆகலாம், ஆறு நாளும் ஆகலாம். ஷிகெல்லாவுக்கு ஒன்றிரண்டு நாள். டைபாய்டுக்கு வாரக்கணக்கு. தண்ணீராலும் ஆகாரத்தாலும் பரவும் மஞ்சள் காமாலைக்கு 15 முதல் 50 நாட்கள் வரை. வழியில் தின்றதற்கு வீடு திரும்பிய பிறகு அவஸ்தைப்படுகிறவன், அன்று காலை மனைவி வார்த்த தோசையைச் சந்தேகிப்பதுண்டு. குடும்பக் கலகங்களில் சிலவற்றுக்கு ஷிகெல்லாவே மூலகாரணமாக இருக்கக்கூடும்.

குழந்தையைப் பார்த்த டாக்டர், நான்கு மணிக் கணக்கைக் கேட்டதும் சோற்றின் மேலேயே சந்தேகப்பட்டார். அரிசியோடு வரும் ஒரு ஜாதிக் கிருமி உண்டாம். அதன் வித்துக்கள் கொதி நீரிலும் சாவதில்லை. வடித்த சோற்றை அண்டாவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாக விட்டு வைத்தால், அவை முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்குகின்றன. பிறகு எத்தனை பெரிய தீயில் சட்டியைப் புரட்டினாலும் அவ்விஷம் அழிவதில்லை. "சூடாகத்தானே கொடுத்தோம்" என்று ஹோட்டல்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அதனால் பிரயோஜனம் இல்லை. சூடாக வைக்கும் பண்டம் 60 டிகிரிக்கு மேலும், குளிர்ச்சியாக வைப்பது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் நடுவே உள்ளது கிருமிகளின் ராஜ்யம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு இப்போது வருவோம். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஒவ்வாத உணவு" என்ற பேச்சே இல்லை. "பாதுகாப்பற்ற உணவு" என்றுதான் இருக்கிறது. அதனால் ஒருவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 5 லட்ச ரூபாய்க்குக் குறையாமல் நஷ்டஈடு. கொடுங்காயம் போன்ற கெடுதிக்கு 3 லட்சம் வரை. மற்றக் கெடுதிகளுக்கு ஒரு லட்சம் வரை. சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்றும், சாவு நேர்ந்தால் முப்பது நாளில் இடைக்கால உதவி தர வேண்டும் என்றும் 65-ஆம் பிரிவு கூறுகிறது. இது ஒரு வழி.

மற்றொரு வழி 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விஷயம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் பிராது கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஹோட்டலுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கோர்ட்டுக் கட்டணமும் இல்லை. எந்தப் பிரைடு ரைஸும் இன்னும் அந்த விலைக்கு வரவில்லை. எல்லாவற்றிலும் நல்ல அம்சம், சாப்பிட்டவன் தான் குடியிருக்கும் ஜில்லாவிலேயே பிராது கொடுக்கலாம் என்பது. சென்னைவாசி ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயிலேற வேண்டியதில்லை. வழிப்போக்கன் மறுபடியும் வரமாட்டான் என்ற தைரியம் இனிமேல் செல்லாது. அதற்கு முன்னால் 1986-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இந்த வசதி இல்லை.

இதே சட்டங்களில் வேடிக்கையும் இல்லாமலில்லை. விலைக்கு வாங்கும் பண்டத்தைக் கட்டணம் செலுத்தி அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அனுப்ப எந்தப் பிரஜைக்கும் உரிமை உண்டு என்கிறது உணவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. ரொம்ப சந்தோஷம். ஆனால் வாங்கும்போதே, "இதை நான் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டுமாம்! அப்படிச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறவனுக்கு எந்த மாதிரிப் பண்டம் வரும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அரிய உரிமைதான்; ஆனால் நடுராத்திரியில் வாந்தியெடுப்பவனுக்கு உதவாத உரிமை. கிரிமினல் சட்டம் இன்னும் விசேஷம். கெட்ட ஆகாரத்தை விற்றவனுக்கு ஆறு மாதச் சிறையோ ஆயிரம் ரூபாய் அபராதமோ என்று 1860-இல் வெள்ளைக்காரர் எழுதிவைத்தார். அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய் என்பது கேட்டவனை மயங்கி விழச் செய்யும் தொகை. 2024-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த நம்முடைய புதிய சட்டத்தில் அதை 5,000 ஆக்கியிருக்கிறார்கள். பெரிய ஹோட்டலில் ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இந்தத் தொகை சரியாகப் போய்விடும். சுதந்திர தேசத்தின் சட்டசபை ரூபாயின் மதிப்பையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

நம் தங்கைக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அறை வாடகையும் சாப்பாட்டுப் பணமும் கொடுத்தது கல்யாண வீட்டார். பணம் கொடுக்காதவர்கள் எப்படிப் பிராது கொடுப்பது? சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. விலை கொடுத்தவருடைய சம்மதத்தோடு அனுபவிப்பவரும் நுகர்வோரே. உலகப் பிரசித்தி பெற்ற வழக்கு ஒன்று இதே சந்தேகத்தில்தான் பிறந்தது. ஸ்காட்லாந்து தேசத்தில் பெய்ஸ்லி என்ற ஊரில், 1928-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஓர் ஏழை ஸ்திரீக்கு அவளுடைய சிநேகிதி இஞ்சி பீர் வாங்கிக் கொடுத்தாள். பாதி குடித்த பின் புட்டியிலிருந்து அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாக அந்த ஸ்திரீ கூறினாள். பணம் கொடுத்தது சிநேகிதி. ஆகையால் இவளுக்கும் பானம் தயாரித்தவனுக்கும் ஒப்பந்தம் ஏதும் கிடையாது. வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரையில் போயிற்று. தன் கவனக்குறைவால் யாருக்குக் கெடுதி நேரும் என்று முன்கூட்டியே யோசித்திருக்க முடியுமோ, அவரெல்லாம் உனக்கு அண்டை வீட்டார் என்று 1932-இல் தீர்ப்பாயிற்று. ஐந்து நீதிபதிகளில் மூவர் இந்தப் பக்கம், இருவர் அந்தப் பக்கம். இதில் ரஸமான விஷயம், அந்தப் புட்டியில் நத்தை இருந்ததா என்பது கடைசி வரையில் ருசுவாகவே இல்லை! சட்டப் பிரச்னை தீர்ந்த பிறகு, சாக்ஷி விசாரணைக்கு முன்பே பிரதிவாதி இறந்துபோனார். வழக்கு சமரசமாக முடிந்தது.

ருசு என்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்குச் சமீபத்து உதாரணம் ஒன்று உண்டு. 2014-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஆங்கிலேயர் ஒருவர் குடும்பத்தோடு துருக்கி தேசத்துக்கு விடுமுறைக்குப் போனார். சாப்பாடு உட்பட எல்லாவற்றுக்கும் பிரயாணக் கம்பெனிக்கு முன்பணம் கட்டியிருந்தார். ஹோட்டலில் வயிறு கெட்டு ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தது. மலப் பரிசோதனையில் கிருமிகளும் அகப்பட்டன. ஆனால் அவர் புறப்படும்போது விமான நிலையத்தில் சாப்பிட்டிருந்தார். ஊருக்குள் போய் ஒரு வேளை சாப்பிட்டிருந்தார். அவை காரணமாக இருக்கக்கூடாதா என்றது கம்பெனி. ஹோட்டல் ஆகாரமே காரணம் என்று கிருமி சாஸ்திர நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். கம்பெனி தரப்பில் அவரைக் குறுக்கு விசாரணை செய்யவுமில்லை, எதிர் நிபுணரைக் கொண்டுவரவுமில்லை. அப்படியிருந்தும் முதல் கோர்ட்டில் வாதிக்குத் தோல்வி, அடுத்ததில் வெற்றி, அதற்கடுத்ததில் மறுபடியும் தோல்வி. கடைசியில் 2023-ஆம் வருஷம் நவம்பரில் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு, குறுக்கு விசாரணை செய்யாமல் விட்ட நிபுணரின் சாக்ஷியத்தைப் பிற்பாடு தள்ளிவிடுவது நியாயமல்ல என்று அவர் பக்கம் தீர்த்தது. தொகை 29,000 பவுன். ஒரு வயிற்று வலிக்கு ஒன்பது வருஷம்!

ஆங்கிலேயர்களிடம் இதற்கு நேர்மாறான வியாதியும் பரவியது. ஸ்பெயின் தேசத்து ஹோட்டல்களில் சந்தோஷமாகத் தின்றுவிட்டு, ஊர் திரும்பியதும் வயிறு கெட்டதாகப் பொய்யாக நஷ்டஈடு கேட்பது ஒரு தொழிலாகவே ஆயிற்று. இப்படிக் கேட்ட தம்பதிகள் இருவரை 2017-இல் லிவர்பூல் கோர்ட்டு சிறைக்கு அனுப்பியது. விடுமுறையில் எவ்வளவு ஆனந்தமாக இருந்தோம் என்று அவர்களே உலகத்துக்கு எழுதிப் பரப்பியிருந்தது அவர்களுக்கு எதிரான சாக்ஷியாயிற்று. நம் தேசத்து ஹோட்டல்காரர்களும் "பணம் பறிக்க வருகிறார்கள்" என்று இப்போதே புலம்பத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கே நாம் பார்த்த மட்டில், பொய் வழக்குக்கு நூறு காத தூரம் முன்னாலேயே நம்மவர்கள் நின்றுவிடுகிறார்கள். உண்மை வழக்கையே போடுவதில்லை.

போடாததனால் வருவது என்ன? நாமக்கல்லில் 2023-ஆம் வருஷம் செப்டம்பரில் ஷவர்மா என்ற கோழி இறைச்சிப் பண்டத்தைத் தின்ற 14 வயதுப் பெண் இறந்துபோனாள். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதற்கு முந்திய வருஷம் மே மாதத்தில் காசர்கோடு ஜில்லாவில் இதே பண்டம் 16 வயது மாணவி ஒருத்தியைப் பலி கொண்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் அதிகாரிகள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். பழைய இறைச்சியைக் கிலோக் கணக்கில் கொட்டி அழிக்கிறார்கள். ஒரு கடையில் சாவு நேருவதற்கு முன்னால் எத்தனை பேர் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிப் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு நடுங்குகிறது. நாலாவது ஆளாவது எழுதிக் கொடுத்திருந்தால் நாற்பதாவது ஆளுக்கு ஆபத்து வந்திருக்குமா?

2021-ஆம் வருஷம் டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் நடந்ததும் இத்தகையதே. பாக்ஸ்கான் தொழிற்சாலையில் கைபேசி பூட்டும் இளம் பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். 250 பேருக்கு மேல் வயிறு கெட்டு, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தனர். அவர்கள் பிராது எழுதிக்கொண்டிருக்கவில்லை. சென்னை பெங்களூர் பெருஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது; விடுதிகளைச் சீர்திருத்துவதாக வாக்களித்த பிறகே திறந்தது. ஒரு குடும்பத்துக்குச் சாலை மறியல் சாத்தியமில்லை. அதற்குக் காகிதம்தான் ஆயுதம்.

வக்கீல் பெரியவர் சேகரிக்கச் சொன்ன காகிதங்கள் இவை. ரசீது, அது இல்லாவிட்டால் கைபேசி வழியே பணம் போன குறிப்பு. நம் வீட்டார் அன்றிரவு செலுத்தியதற்கு நிமிஷம் உட்படக் கணக்கு இருந்தது. ஹோட்டல் சுவரில் மாட்டியிருக்கும் 14 இலக்க லைசென்ஸ் எண்ணின் படம். ஆஸ்பத்திரிச் சீட்டு, அதில் வாந்தி தொடங்கிய நேரமும் முந்திய வேளை ஆகாரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு மருந்து கொடுப்பதற்கு முன்பே மாதிரி எடுத்துவிடுவது உத்தமம். உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு அன்றே எழுதிய புகாரின் நகல். இவ்வளவும் சாதாரண விஷயங்கள். ஆனால் ஒரு நாள் தாமதித்தால் பாதி கிடைக்காது.

ஹோட்டல்காரர் பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. சீஸனில் இரவு பகலாக உழைக்கும் சிறு ஹோட்டல்காரருக்கு வேலையாள் கிடைப்பது அரிது. நடுவே மின்சாரம் போனால் குளிர்பெட்டி வெறும் பெட்டி. ஆனால் வடித்த நேரத்தையும் கொட்டிய நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க என்ன செலவு? பொய் வழக்கு வந்தாலும் அவரைக் காப்பாற்றக்கூடியது அந்த நோட்டுத்தான். அன்றிரவு அப்படி ஏதாவது குறிப்பு உண்டா என்று மானேஜரைக் கேட்டோம். அவர் ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குழந்தை வீடு திரும்பும் நாளில் மானேஜர் மறுபடியும் வந்தார். அறை வாடகையையும் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பகுதியையும் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கூடவே கையெழுத்துக்கு ஒரு கடிதம். மாப்பிள்ளை களைத்துப் போயிருந்தார். ஊருக்குப் போனால் போதும் என்ற மனநிலை. பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அதுவரை கண் பட்ட கதையை மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்த தங்கை, கடிதத்தை வாங்கி வாய்விட்டு வாசித்தாள். "குழந்தைக்கு ஏற்பட்ட உணவு ஒவ்வாமை காரணமாக, மனிதாபிமான அடிப்படையில்" என்று அது தொடங்கியது.

"என் பிள்ளைக்கு எந்த ஒவ்வாமையும் கிடையாது, அண்ணாச்சி" என்றாள். "அந்த வார்த்தையை அடித்துவிட்டு, உங்கள் சோறு கெட்டிருந்தது என்று எழுதிக் கொடுங்கள். இந்தப் பணமே போதும்."

மானேஜர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

உறை திரும்பிப் போயிற்று. பிராது இப்போது சென்னை ஆணையத்தில் பதிவாகி எண்ணும் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு, மாப்பிள்ளைக்கு நஷ்டமான சம்பளம், மன உளைச்சல் ஆகியவற்றுக்கு நஷ்டஈடு கேட்டிருக்கிறார்கள். அதோடு ஒரு மனுவும் போட்டிருக்கிறார்கள். அன்றைய தேதியின் லாட்ஜ் ரிஜிஸ்தரை ஆணையம் வரவழைக்க வேண்டும் என்பது மனுவின் சாரம். அடுத்த அறையில் தங்கியிருந்த இரண்டு மாணவர்களின் பெயரும் முகவரியும் அதில்தான் இருக்கின்றன.